45 நிமிஷ ஊர்ல ஒரு முழு நாள்!

காலேஜ் டூர் புரோகிராம் ஷீட்டை எப்பவாவது பொறுமையா படிச்சிருக்கீங்களா மக்களே? ராக்கெட் விடுறவங்ககூட இவ்ளோ டைட்டா டைம் போடமாட்டாங்க. எங்க டிபார்ட்மென்ட் ஷீட்ல மூணாவது நாள் இப்படி இருந்தது: காலை 5.30 திருக்கடையூர், 7.00 தரங்கம்பாடி (45 நிமிடம்), 9.00 காரைக்கால், 10.30 நாகூர், 12.30 வேளாங்கண்ணி, சாப்பாடு, 3.00 கோடியக்கரை. ‘இதுல பாத்ரூம் எந்த ஊர்ல?’னு ஒருத்தி கேட்டா. பதில் இல்லை.

நாங்க காஞ்சிபுரம் பக்கத்துல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ். பி.ஏ. ஹிஸ்டரி, மூணாவது வருஷம். 38 பேர், ரெண்டு மேடம், ஒரு சார், ஒரு டிரைவர் அண்ணா. பிப்ரவரி மாசம். தரங்கம்பாடி ஊர் வாசல்ல... வாசல்னா நிஜமான வாசல்தான், டேனிஷ்காரங்க 1792-ல கட்டின வெள்ளை நுழைவாயில்... அதுக்கு நேரா வந்ததும் பஸ் ‘கர்ர்ர்’னு ஒரு சத்தம் போட்டு நின்னுது. கூடவே தீய்ஞ்ச வாடை. டிரைவர் அண்ணா இறங்கி, குனிஞ்சு, நிமிர்ந்து, தலையில கை வெச்சார். கிளட்ச் பிளேட் காலி! மயிலாடுதுறையில இருந்து ஆளும் சாமானும் வரணும். ‘எப்படியும் சாயங்காலம் ஆறு ஆயிடும் மேடம்.’

மணி அப்போ காலை ஏழு!

ஹெச்.ஓ.டி. மேடம் ஷீட்டைப் பார்த்தாங்க, பஸ்ஸைப் பார்த்தாங்க, கடைசியா எங்களைப் பார்த்தாங்க. ‘சரி, ஆறு மணி வரைக்கும் ஃப்ரீ’ன்னாங்க. மூணு வருஷத்துல அவங்க வாயில இருந்து அந்த வார்த்தையை நாங்க கேட்டதே இல்லை. அடுத்த செகண்டே கண்டிஷன்ஸ் வந்தாச்சு. பசங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: தண்ணியில இறங்கக் கூடாது. எங்களுக்கு ஒரு லிஸ்ட்: தனியா போகக் கூடாது, நாலு நாலு பேரா போகணும், கோட்டையைத் தாண்டக் கூடாது, மணிக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டணும், தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாது... ஃப்ரீயிலகூட லேடீஸ் ஃப்ரீ வேற, ஜென்ட்ஸ் ஃப்ரீ வேற பாஸ்!

இந்த இடத்துல என்னைப் பத்தி ஒரு வரி. என் ஊர் தாமல். சென்னையில இருந்து பெங்களூர் ஹைவேயில போனா, காஞ்சிபுரம் தாண்டி பாலுசெட்டிசத்திரம், அடுத்து நாங்கதான். ஜன்னல் சீட் கிடைச்சவங்களுக்கு ஒரு பெரிய ஏரி தெரிஞ்சிருக்கும். ‘ஹை, தண்ணி!’ன்னு போனை எடுக்கறதுக்குள்ள ஊர் முடிஞ்சிருக்கும். வராகீஸ்வரர் கோயில் இருக்கு, தாமோதரப் பெருமாள் கோயில் இருக்கு, எங்க வீட்ல தறி இருக்கு. ஆனா வெளியூர்க்காரங்களுக்கு தாமல்ங்கறது ஜன்னல்ல ஓடற ஒரு நிமிஷம், அவ்ளோதான். அதனாலதானோ என்னவோ, ஷீட்ல ‘தரங்கம்பாடி (45 நிமிடம்)’னு பார்த்தப்பவே எனக்கு அந்த ஊர் மேல கொஞ்சம் பாவமா இருந்தது. நமக்கு ஒரு நிமிஷம், அவங்களுக்கு 45, அதுவரைக்கும் அவங்க லக்கிதான்!

என் ஃப்ரெண்ட் ஒருத்தி போன் வால்பேப்பரா கிரீஸ் நாட்டு சான்டோரினி தீவை வெச்சிருக்கா. வெள்ளை வீடு, நீலக் குமிழ் கூரை, கீழே கடல். ‘என்னிக்காவது அங்க போயி ஒரு வேலையும் செய்யாம ஒரு நாள் முழுக்க கடலைப் பார்த்துட்டு உக்காந்திருக்கணும்டி’னு வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவா. அன்னிக்கு வாசல் வழியா உள்ளே நடந்தோம். ராஜ வீதி. ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், உயரத் தூண், வாசல்ல தூங்கற ஆடு, வீதி முடியற இடத்துல பளீர்னு கடல். அவளே போனை எடுத்துப் பார்த்துட்டு உள்ளே வெச்சுட்டா.

மேடத்துகிட்ட இதைச் சொன்னப்போ சிரிச்சாங்க. ‘நீ கிரீஸ் போகணும்கறே, அவங்க இங்க வரணும்னு துடிச்சவங்க’ன்னாங்க. கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மொழியில ஒரு கடல் வணிகக் கையேடு எழுதியிருக்காங்க. ‘எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு’ன்னு நாங்க செகண்ட் இயர்ல மனப்பாடம் பண்ணி மறந்தது. அதுல சோழமண்டலக் கரையில மூணு துறைமுகம் பேர் வருது: கமரா, பொதுகே, சோபத்மா. கமராங்கறது காவிரிப்பூம்பட்டினம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அது, நாங்க நின்ன இடத்துல இருந்து வடக்கே சுமார் 20 கி.மீ.தான். கிளாஸ்ல தூக்கம் வந்த அதே பாடம், கால்ல மணல் ஒட்டியிருக்கும்போது தூக்கம் வரலை. எக்ஸாமையும் இங்கேயே வெச்சா நல்லா இருக்கும்!

கோட்டை திறக்க நேரம் இருந்ததால, மதில் நிழல்ல உக்காந்துட்டோம். டான்ஸ்பர்க் கோட்டை. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்கு இந்த இடத்துல வியாபாரம் பண்ண அனுமதி கொடுத்தார். டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியனுக்கு அவர் தங்க ஏட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னமும் கோபன்ஹேகன்ல, அவங்க ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. நாம ஹால் டிக்கெட்டையே தொலைக்கிற ஆளுங்க!

எங்களை ‘அட!’ போட வெச்சது அந்தக் கப்பல்களோட தளபதி கதைதான். ஓவே ஜெட்டேன்னு பேரு. 1618-ல கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பினப்போ அவருக்கு வயசு 23. நம்ம சீனியர் வயசு! வந்து சேர ரெண்டு வருஷம் ஆச்சு. கூட வந்தவங்கள்ல பாதிக்கு மேல வழியிலேயே செத்துப்போயிட்டாங்க. ‘23 வயசுல நான் அரியர் கிளியர் பண்ணிட்டிருப்பேன்’னு ஒரு பையன் சொன்னான். எல்லாரும் சிரிச்சோம், அவனும் சிரிச்சான். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஃபைனல் இயர் பிப்ரவரியில அந்த ஜோக் கொஞ்சம் குத்தத்தான் செய்யுது.

இன்னொருத்தரும் கிட்டத்தட்ட அதே வயசுதான். பர்த்தலோமேயு சீகன்பால்க். 1706 ஜூலை 9-ம் தேதி இதே கரையில வந்து இறங்கின ஜெர்மன்காரர். மதம் பரப்ப வந்தவர்தான். அதுக்கு முதல்ல தமிழ் தெரியணுமே? ஊர் வாத்தியாரைப் பிடிச்சு, சின்னப் பசங்களோட பசங்களா உக்காந்து, மணல்ல விரலால அ, ஆ எழுதிப் படிச்சார். ரெண்டு வருஷத்துல நூத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் படிச்சுப் பட்டியல் போட்டுட்டார். டேனிஷ் தளபதிக்கும் அவருக்கும் ஆகலை. இதே கோட்டையில நாலு மாசம் ஜெயில். அப்புறம் அச்சு இயந்திரம் வரவழைச்சு, 1715-க்குள்ள தமிழ்ல புதிய ஏற்பாட்டையே அடிச்சு முடிச்சாங்க. ஜெர்மனியில இருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெருசா இருந்து பேப்பரைத் தின்னுது. அதனால சீஸ் டப்பா மூடியோட ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தாங்கன்னு ஒரு கதை உண்டு. பேப்பர் பத்தலைன்னு பக்கத்துல பொறையாறு கிட்ட பேப்பர் மில்லே வெச்சாங்க. அந்த இடத்துக்கு ‘கடுதாசிப்பட்டறை’ன்னு பேர். தமிழ் எழுத்துல முதல் புத்தகம் அச்சானது அதுக்கும் முன்னாடி, 1578-ல கொல்லத்துல. அதை எழுதலைன்னா மேடம் மார்க் குறைச்சிடுவாங்க! சீகன்பால்க் 36 வயசுல இறந்துட்டார். அவர் 1718-ல கட்டி முடிச்ச புது எருசலேம் ஆலயம் ராஜ வீதியிலேயே இருக்கு, அதுக்குள்ளேயேதான் அவர் கல்லறையும்.

மணி பதினொண்ணு. கோட்டையும் பார்த்தாச்சு, கீழ்த்தளத்து இருட்டு அறையில கத்தி எதிரொலியும் கேட்டாச்சு, சர்ச்சும் ஆச்சு. 1845-ல டேனிஷ்காரங்க இந்த ஊரையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரன்கிட்ட வித்துட்டுப் போன கதையும் ஆச்சு. ஷீட் கணக்குப்படி ஊர் முடிஞ்சுபோச்சு. இனி என்ன பண்றது?

இதைத்தான் நான் உங்ககிட்ட சொல்ல வந்தேன் மக்களே. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிச்ச பிறகு ஒரு ஊர்ல ஏழு மணி நேரம் மிச்சம் இருந்தா என்ன ஆகும்?

முதல்ல போர் அடிக்கும். சும்மா இல்லை, செம போர். செல்ஃபி எடுத்தோம், அதே சுவர்ல இன்னொரு செல்ஃபி எடுத்தோம். போன் சார்ஜ் ஒவ்வொண்ணா இறங்குது. பவர் பேங்க் பஸ்ல, பஸ் மெக்கானிக் கையில. ‘இந்நேரம் நாகூர்ல இருந்திருப்போம்’னு ஒருத்தி சொல்ல, ‘நாகூர்லயும் இதைத்தான்டி பண்ணியிருப்போம்’னு இன்னொருத்தி. ஒரு குரூப் அந்தாக்ஷரி ஆரம்பிச்சு, ‘ழ’வுல மாட்டி நின்னுபோச்சு. சின்ன மெஸ் ஒண்ணுல சங்கரா மீன் குழம்பு ஊத்தி சாப்பாடு. சாப்பிட்டதும் கண்ணைக் கட்டுது. வேப்ப மர நிழல்ல துப்பட்டாவை முகத்துல போட்டுக்கிட்டு நாலு பேர் வரிசையா படுத்தோம். ஊர் நடுவுல, பட்டப்பகல்ல, பொண்ணுங்க மரத்தடியில படுத்துத் தூங்கறதுன்னா என்னன்னு பொண்ணுங்களுக்குத்தான் தெரியும். தாமல்ல எங்க தெருவுல நான் அப்படிப் படுத்ததே இல்லை. யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒரு பாட்டி மட்டும், ‘தலையில காக்கா எச்சம் போடும், அந்தாண்ட தள்ளிப் படுங்கடி’ன்னுட்டுப் போச்சு.

எழுந்ததும் வீட்டுக்குப் போன் பண்ணினேன்.

‘எந்த ஊர்ல இருக்கே?’

‘தரங்கம்பாடிம்மா.’

‘அடுத்தது?’

‘அடுத்ததும் இங்கேயேதான். பஸ் ரிப்பேர்.’

‘அங்க என்ன பண்றே?’

‘ஒண்ணும் பண்ணலைம்மா.’

அந்தப் பக்கம் ஒரு செகண்ட் சத்தமே இல்லை. ‘ஒண்ணும் பண்ணாமயா?’ன்னு அம்மா கேட்டாங்க. திட்டு இல்லை அது. நிஜமாவே புரியாமதான் கேட்டாங்க. பின்னாடி தறிச் சத்தம். எங்க வீட்டுது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். அதுக்கு எப்பவும் ரெண்டு பேர் வேணும். அப்பா நெய்வார், பக்கத்துல உக்காந்து கரை நாடாவை வீசறது என் வேலை. காலேஜுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு. நான் டூர் வந்ததால இப்ப தம்பி உக்காந்திருக்கான். ‘கரை பிசிறு பிசிறா வருதுன்னு அப்பா கத்தறார். நீ எப்ப வர்றே?’

கரையோரமா நடந்தோம். மாசிலாமணிநாதர் கோயிலைத் தாண்டி கொஞ்ச தூரத்துல, ஃபைபர் போட் நிழல்ல ஒருத்தர் வலை பிரிச்சு உக்காந்திருந்தார். நாப்பது வயசு இருக்கும். கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கையில ஊசி ஓடுது. கண்ணி அறுந்த இடத்தை விரலாலேயே அளந்து, ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. தறி வீட்டுப் பொண்ணு கால் தானா நின்னுடுச்சு. ‘தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாது’ லிஸ்ட்ல ஐந்தாவது. சாரி மேடம்!

‘என்னா பாப்பா, எந்த ஊரு?’

‘தாமல்ணா. காஞ்சிபுரம் பக்கம்.’

‘பட்டுச் சேலையா?’

‘ஆமாண்ணா, வீட்ல தறி.’

‘அப்ப இது உனக்குத் தெரியும்’னு ஊசியை நீட்டினார். எனக்கு வரலை. முதல் முடிச்சே வழுக்கிடுச்சு. நைலான் நூல் பட்டு மாதிரி சொல்பேச்சு கேக்காது. நான் பாவு, ஊடை பத்திச் சொன்னேன். அவர் காத்து பத்திச் சொன்னார். வடக்கேர்ந்து வந்தா வாடை, மேற்கேர்ந்து கச்சான், கிழக்கேர்ந்து கொண்டல், தெற்கேர்ந்து சோழகம். நமக்கு காத்துன்னா ஒண்ணுதான், அது ஃபேன்ல இருந்து வரும். எஞ்சின் வர்றதுக்கு முந்தி விடியக்காலையில தரையில இருந்து கடல் பக்கமா அடிக்கற காத்துல பாய் விரிச்சுப் போவாங்களாம். மதியத்துக்கு மேல நிலம் சூடேறினதும் கடல் காத்து திரும்பும், அதுல கரைக்கு வந்துடுவாங்க. போக வர டிக்கெட் இல்லாத பஸ்!

‘இங்க காத்துல ஓசோன் ஜாஸ்தியாமே?’ன்னு ஃப்ரெண்ட் கேட்டா. நெட்ல எல்லா இடத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு. ‘போர்டுல எழுதி வெச்சாங்க, நாங்களும் சொல்லிட்டிருக்கோம்’னு சிரிச்சார். (கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நண்பர்கள் கவனத்துக்கு: தரை மட்டத்துல ஓசோன் அதிகமா இருந்தா நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசனைக்குப் பெரிய காரணம் கடல் நுண்ணுயிர்கள் விடுற டைமெத்தில் சல்ஃபைட். தரங்கம்பாடி காத்து நல்லா இருக்கறதுக்கு ஓசோன் தேவையே இல்லை.)

பேச்சுக்கு நடுவுல திடீர்னு எழுந்து, ‘டேய்! அங்க இறங்காத!’ன்னு ஒரு சத்தம் போட்டார் பாருங்க... ஊரே திரும்பியிருக்கும். எங்க கிளாஸ் பசங்க நாலு பேர் பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு தண்ணிக்கு இறங்கிட்டிருந்தாங்க. ஒரே ஒரு கண்டிஷன், அதுவும் காலி!

‘அலை இல்லாத எடமாதானேணா பார்த்து எறங்கினோம்’னு வந்து நின்னாங்க.

‘அதான் ஆபத்து’ன்னார். மணல்ல விரலால கோடு போட்டுக் காட்டினார். அலை வரிசையா வந்து உடையும்போது கரைக்குத் தள்ளின தண்ணி எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேணும். அது எங்க ஆழமா இருக்கோ அந்த வழியா ஆறு மாதிரி உள்ளே ஓடும். அந்த இடத்துல அலை உடையாது, பார்க்க சாதுவா இருக்கும். அங்க இறங்கினா தரதரன்னு உள்ளே இழுத்துட்டுப் போயிடும். ‘இழுத்தா கரையைப் பார்த்து நீந்தாத. எதிர்நீச்சல் போட்டு ஒருத்தனும் ஜெயிக்க மாட்டான். பக்கவாட்டுல, கரைக்கு இணையா நீந்தி வெளியே வா, அப்புறமா கரைக்குத் திரும்பு. நீச்சல் தெரியாதவன் மொழங்காலுக்கு மேல எறங்காத.’ எல்லா வருஷமும் டூர் போற காலேஜ் பசங்க ஏதாவது ஒரு பீச்சுல இப்படித்தான் போறாங்க, பேப்பர்ல அஞ்சாம் பக்கத்துல குரூப் போட்டோவுல வட்டம் போட்டு வருது. அந்த நாலு பேரும் பேண்ட்டை இறக்கி விட்டுட்டு எங்க பக்கத்துலேயே உக்காந்துட்டாங்க. அதுல ஒருத்தன்தான் காலையில அரியர் ஜோக் அடிச்சவன்.

‘உங்களுக்கு லீவு எப்பணா?’ன்னு சும்மா கேட்டேன். ஞாயித்துக்கிழமை, கோயில் திருவிழான்னு ஏதாவது சொல்வார்னு நினைச்சேன்.

‘மீன்பாடு இல்லாத நாளெல்லாம் லீவுதான்’னார். முடிச்சைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, ‘அது போக, கட்டாயம் ஒரு நாள் உண்டு. டிசம்பர் 26. அன்னிக்கு யாரும் கடலுக்குப் போறதில்லை’ன்னார்.

நாங்க யாரும் 2004-ல பிறக்கலை, இல்லை தொட்டில்ல இருந்தோம். சுமத்ரா பக்கத்துல கடலுக்கு அடியில 9.1 அளவுல நிலம் அதிர்ந்து, ரெண்டு மணி நேரத்துக்கும் மேல கழிச்சு அலை இந்தக் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. (தரங்கம்பாடி அப்போ அந்த மாவட்டம்தான், 2020-லதான் மயிலாடுதுறை மாவட்டம் தனியாச்சு.) இதெல்லாம் எனக்குப் பாடமாத் தெரியும். அந்த அண்ணா அன்னிக்குக் காலையில கடல்ல இருந்தார். வயசு 19. ‘ஒண்ணுமே தெரியலை பாப்பா. நடுக்கடல்ல படகு ஒரு தரம் லேசா தூக்கி எறக்கின மாதிரி இருந்துது. வலையை இழுத்துட்டுதான் வந்தோம். கரைக்கிட்ட வந்தா, எங்க ஊரு எதுன்னு தெரியலை.’

சுனாமி ஆழக்கடல்ல உயரமே இருக்காது, கரைக்கிட்ட ஆழம் குறையக் குறையத்தான் எழும். அதனால கடலுக்குப் போனவங்க பல பேர் பிழைச்சாங்க, வீட்ல இருந்தவங்க போயிட்டாங்க. அவர் வீட்ல யார் யார்னு நாங்க கேக்கலை. அவரும் சொல்லலை. அப்புறம் உதவி வந்தது, கட்டுமரம் போய் ஃபைபர் போட் வந்தது, வீடு கரையை விட்டு உள்ளே தள்ளிப் போச்சு. அவர் அடுத்த கண்ணிக்குப் போயிட்டார். நான் வலையோட ஒரு முனையைப் பிடிச்சு இழுத்துக் கொடுத்தேன். வலைக்கும் ரெண்டு ஆள் இருந்தா சீக்கிரம் ஆகுது.

மணிக்கு ஒரு தடவை தலையைக் காட்டணுமே! நாலரைக்கு மேடத்தைத் தேடினா ஆளைக் காணோம். இன்னொரு மேடம் கையை நீட்டின திசையில பார்த்தோம். கோட்டைக்கு முன்னாடி கருங்கல் தடுப்புல, செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு, சேலையை லேசா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தனியா உக்காந்திருக்காங்க. கையில ஷீட் இல்லை, மொபைல் இல்லை, கடலை மிட்டாய் இருந்தது. நாங்க வந்ததைப் பார்த்துட்டு, எப்பவும் போல ‘எங்க போனீங்க?’ன்னு ஆரம்பிப்பாங்கன்னு நின்னோம். ‘உக்காருங்க’ன்னாங்க.

‘கல்யாணமாகி 26 வருஷம். டூர்னு கூட்டிட்டு வருவேன், உங்க தலையை எண்ணிட்டே திரும்பிடுவேன். ஒரு இடத்துல மத்தியானம் முழுக்க இப்படி உக்காந்தது இன்னிக்குத்தான்’னாங்க. அப்புறம், ‘இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க’ன்னாங்க. (மேடம், பேர் போடலை!)

அவங்களோட ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டுல இந்த ஊருக்கு ‘சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்’னு பேர் இருக்கு, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம், 1306-ன்னு மேடம் சொன்னாங்க. அந்தக் கோயிலோட முன்பக்கத்தை கடல் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சு, மிச்சம் நின்னதை ஒட்டி அப்புறம் புதுசா கட்டியிருக்காங்க. டேனிஷ்காரன் வர்றதுக்கு 300 வருஷம் முன்னாடியே இங்க ஊர் இருந்தது, கோயில் இருந்தது, கடலுக்குப் போறவங்க இருந்தாங்க. டூர் ஷீட்ல அந்தக் கோயில் பேரே இல்லை. கிழக்குக் கரையாச்சே, சூரியன் கடல்ல மறையாது, நம்ம முதுகுக்குப் பின்னாடி ஊருக்குள்ள இறங்கும். கோட்டைச் சுவர் மட்டும் கொஞ்ச நேரம் ஆரஞ்சு கலர்ல நின்னுது. யாரும் போட்டோ எடுக்கலை. எல்லா போனும் செத்திருந்தது.

போக நினைக்கிறவங்களுக்கு: மயிலாடுதுறை வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ், சுமார் 30 கி.மீ. 1926-ல இருந்து மயிலாடுதுறையில இருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர் கேஜ் ரயில் ஓடிட்டிருந்தது, 1986-ல நிறுத்திட்டாங்க. கோட்டை மியூசியம் எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. கடல்ல குளிக்கற ஐடியா இருந்தா, வலை பின்ற யாராவது ஒருத்தர்கிட்ட இடம் கேட்டுட்டு இறங்குங்க. பவர் பேங்க் உங்க இஷ்டம்.

கிளம்பும்போது அந்த அண்ணாகிட்ட சொல்லிட்டு வரப் போனேன். வலையைச் சுருட்டி போட்ல போட்டுட்டிருந்தார். விடியக்காலை மூணு மணிக்குக் கடலாம்.

‘உங்க ஊர்ல என்னா பாக்கலாம் பாப்பா?’

எனக்கு டக்னு வரலை. 20 வருஷமா அந்த ஊர்ல இருக்கேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. ‘ஏரி இருக்குணா... பெரிய ஏரி. கோயில் இருக்கு. எங்க வீட்ல வந்து தறி பாக்கலாம்’னேன்.

‘ஏரியில மீன் உண்டா?’

‘உண்டுணா. கெண்டை, விரால்.’

‘பஸ்ஸு நிக்குமா?’

‘எக்ஸ்பிரஸ் நிக்காது. காஞ்சிபுரத்துல இறங்கி டவுன் பஸ் பிடிச்சு வரணும்’னேன். ‘பாலுசெட்டிசத்திரத்துக்கு அடுத்த ஸ்டாப்’னு ரெண்டு தரம் சொல்லிட்டு வந்தேன்.